புதிதாக எதுவும் இல்லை

பெரியவனே, பாப்பா,

அந்த ஏழு மாதமும் நான் ஏன் ஒரு ரிங்கூடக் கொடுக்கவில்லை என்பதை எழுதியே வைத்துவிடுகிறேன். ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேரன் அழுவான், பேச்சு அவன் பக்கம் போய்விடும், நானும் சரி அப்புறம் பேசுவோம் என்று வைத்துவிடுவேன். எழுத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. பாப்பா, நீ எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்துவிடுவாய். பெரியவனே, உனக்குத் தமிழ் எழுத்து வராது. அம்மாவை வாசிக்கச் சொல். நடுநடுவே நிறுத்தி என்னைத் திட்டுவாள். பொறுத்துக்கொண்டு கேள்.

நான் ஐ.டி.ஐ. படித்தவன். பாய்லர் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவன். எனக்குக் கதை சொல்லத் தெரியாது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

பாப்பா வேலைக்காக ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் அது. என் ஃபோனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அங்கே போய் அவ்வப்போது ஏதாவது எழுதப் போவதாகச் சொன்னாள். எல்லாரும் பார்க்கிற இடத்தில் போட்டால் அத்தைமார் அத்தனை பேரும் வந்து விசாரிப்பார்களாம். அதனால் பேர் போடாமல் தனியாக ஒரு வலைப்பக்கம். முகவரி எனக்கு மட்டும்தான், அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சொல்லக்கூடாது. பெரியவனே, வருத்தப்படாதே. அன்றைக்கு எனக்கு அதில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் இத்தனை பேர் இருக்க, இங்கிலீஷைத் தட்டுத்தடுமாறிப் படிக்கிற என்னிடம் அவள் ஒன்றைக் கொடுத்து வைக்கிறாளே என்று.

தினமும் நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவேண்டுமா என்று கேட்டேன். இங்கே வளர்ந்த பிள்ளை, வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ் என்றுதான் அவளுக்கு வாயில் வரும்.

"நக்கோ பா. நீங்க போவவே வேண்டாம். நம்ம கிரில் கதவுல பை மாட்டி வைக்கோம்ல, பால்காரர் பாக்கெட்டப் போட்டுட்டுப் போவாருல்ல. நீங்க கடைக்கா போறீய? இதுவும் அதான். சப்ஸ்கிரைப் பண்றதுன்னா பை மாட்டுறது. நான் எழுதுனா தானா வந்து விழும்."

கம்ப்யூட்டர் சமாச்சாரத்தை அதுவரை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் மூலையிலிருந்து விரிகிற ரெண்டு வளைகோடு. அந்தச் சின்னம் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அங்கே பை மாட்டலாம் என்றாள். அதற்கு ஃபீட் என்று பேராம். ஒரு ஆப் இறக்கி அதில் நாலு பை மாட்டிக் கொடுத்தாள். முதலாவது அவளுடையது, ஆப்பில் மட்டும் அதற்குப் பாப்பா என்று பேர் வைத்தாள். ரெண்டாவது, தூத்துக்குடி மழை வெயிலைப் பற்றித் தமிழில் எழுதுகிற ஒருவருடையது. மூன்றாவது உங்கள் அம்மாவுக்காக ராசிபலன். நாலாவது நம் அபார்ட்மெண்ட் சங்கத்தின் பக்கம். தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவார்கள், லிஃப்ட் எப்போது ஓடாது என்பதெல்லாம் அதில் வரும். சங்கத்துக்கு வாட்ஸ்அப் குரூப்பும் இருந்தது, ஆனால் அதில் வருகிற காலை வணக்கங்களைத் தாங்க முடியாமல் நான் எப்போதோ வெளியேறியிருந்தேன்.

புதிதாக ஏதாவது விழுந்தால் அந்தப் பெயர் தடித்த எழுத்தாகும், பக்கத்தில் ஒரு எண் வரும். ஒன்றும் விழாவிட்டால், திறந்து பார்க்கும்போது "புதிதாக எதுவும் இல்லை" என்று காட்டும். ஃபோனைத் தமிழுக்கு மாற்றி வைத்ததும் பாப்பாதான்.

"நீங்க படிச்சாச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

ஒரு ரிங் கொடுக்கிறேன் என்றேன். படித்து முடித்ததும் கூப்பிட்டு, ஒரே ஒரு மணி அடித்தவுடன் வெட்டிவிடுவேன். அவள் எடுக்கவும் வேண்டாம், திருப்பிக் கூப்பிடவும் வேண்டாம். பேசினால் நிமிஷத்துக்குக் காசு போன காலத்தில் நானும் உங்கள் அம்மாவும் செய்ததுதான் இது. ஊரிலிருந்து ரயில் ஏறியதும் ஒரு ரிங், இங்கே பட்டான்செருவில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதும் ஒரு ரிங். ஒரு ரிங் என்றால் சங்கதி வந்து சேர்ந்தது, பதில் தேவையில்லை. நம் வீட்டில் மிஸ்டு கால் பார்த்து யாரும் திருப்பிக் கூப்பிட்டதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

முதல் வருஷம் நன்றாகவே போனது. பத்து நாளைக்கு ஒன்றாவது விழும். பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசாமல் வருவதை எழுதினாள். பண்ணைகளிலிருந்து வருகிற பாலை வரிசையாக வைத்துச் சோதிக்கிற லேபைப் பற்றி எழுதினாள். சாம்பார் தாளித்த வாசனைக்கு எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டதை எழுதினாள். எனக்காக வாக்கியங்களைச் சின்னதாக்குகிறாள் என்று தெரிந்தது. அப்படியும் தெரியாத வார்த்தை வரும். ஷிப்ட் டைரியின் கடைசிப் பக்கங்களில் அதையெல்லாம் எழுதி, பக்கத்தில் தமிழ் அர்த்தம் போட்டு வைப்பேன். அந்தப் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. படித்து முடித்ததும் ஒரு ரிங். பாய்லர் பிரஷர் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுகிற மாதிரி, அது என் கையெழுத்து.

பிறகு பெரியவனுக்குப் பிள்ளை பிறந்தது. மருமகள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியபோது அம்மா பெங்களூருக்குப் போனாள். மூன்று மாதம் என்றுதான் போனாள். பிள்ளையைப் பார்த்தபின் மூன்று மாதம் என்ன கணக்கு. நானே இரும்மா என்றேன். எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் வருஷம் கிடந்தது, அதனால் நான் இங்கே.

தனியாக இருப்பது பற்றி நான் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் பெரிதாக எதுவும் இல்லை. குக்கரில் அரை டம்ளர் அரிசி வைத்தால் அது அடியோடு ஒட்டிக்கொள்ளும், முக்கால் வைத்தால் ராத்திரிக்கும் மிஞ்சும். டி.வி.யில் தெலுங்குக்காரர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், நான் அடுப்படியில் நிற்பேன். அம்மா இல்லாவிட்டாலும் ராசிபலன் தினமும் வந்து விழும். அவள் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஷிப்டுக்குக் கிளம்புவேன். என்னுடையதைப் பார்க்க மறந்துவிடும்.

தசரா லீவு முடிந்த வாரம் பாப்பாவின் பெயர் தடித்த எழுத்தில் வந்தது. திறந்தால் அது என்னைப் பற்றி.

நான் ஷிப்ட் முடிந்து வந்ததும் வீட்டில் பரவுகிற சால்வெண்ட் என்கிற ஃபேக்டரி ரசாயன நாற்றத்தைப் பற்றி எழுதியிருந்தாள். குளித்த பிறகும் என் விரல்களில் அது இருக்குமாம். சின்ன வயதில் நான் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாளாம், தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொள்வாளாம். இப்போது லேபில் ஒரு பாட்டிலைத் திறந்தபோது அதே வாசனை வந்ததாம். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாளாம். நல்ல எழுத்துதான் அது, இப்போது புரிகிறது. அன்றைக்கு முதல் பாதியோடு எனக்குக் காது அடைத்துவிட்டது. இத்தனை வருஷம் நான் தூக்கியபோதெல்லாம் பிள்ளை மூச்சை அடக்கியிருக்கிறாள் என்பது மட்டும்தான் மண்டையில் நின்றது.

ரிங் கொடுக்கவில்லை. நேராகவே கூப்பிட்டேன்.

"அதை எடுத்துரும்மா."

"ஏன் பா? நான் பேரே போடலையே."

"பேரு போடலைன்னா என்ன? நம்ம வீட்டு நாத்தத்த ஊருக்குச் சொல்லணுமா?"

 "ஹவ் பா. எடுத்துருதேன்," என்றாள்.

எடுத்துவிட்டாள். ஆனால் என் ஃபோனில் அது அப்படியே கிடந்தது. பையில் விழுந்த பாக்கெட்டைப் பால்காரர் திருப்பி எடுக்க முடியாதே. பிறகு வந்த நாட்களில் அதைப் பல தடவை படித்தேன். ரெண்டாம் பாதி எனக்கு விளங்கியது அப்போதுதான். அதைச் சொல்லக் கூப்பிடலாம் என்று நினைப்பேன். எடுக்கச் சொன்னவனே நல்லா இருக்கு என்று எப்படிச் சொல்வது? அடுத்தது எழுதட்டும், அதற்கு ஒரு ரிங் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது வரவில்லை.

முதல் வாரம் வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனதும் ஆப்பில் கோளாறோ என்று பார்த்தேன். மழைக்காரர் எழுதிக்கொண்டிருந்தார். ராசிபலன் வந்துகொண்டிருந்தது. கோளாறு இல்லை. அவளுடைய பெயர் மட்டும் மெல்லிய எழுத்தில் கிடந்தது. தொட்டால் புதிதாக எதுவும் இல்லை. ஆக, நான் சொன்ன ஒரு வார்த்தையில் பிள்ளை எழுதுவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை. செய்தது நான் என்று எனக்குத் தெரியும்.

ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம் என்பீர்கள். பார்த்தோம். மேலே அம்மா, பேரன், பெரியவன். கீழே ஒரு கட்டத்தில் நான், ஒரு கட்டத்தில் பாப்பா. வலைப்பக்கம் ரகசியம். அம்மாவை வைத்துக்கொண்டு அதைக் கேட்க முடியுமா? பேரன் கவிழ்ந்ததையும் பல் முளைத்ததையும் பார்ப்போம். பாப்பா என் கட்டத்தைப் பார்க்கிறாளா, பேரனைப் பார்க்கிறாளா என்று எனக்குத் தெரியாது. ஃபோனில் எல்லாருடைய கண்ணும் கொஞ்சம் தள்ளித்தான் பார்க்கிறது. "அப்பா, சாப்டீயளா?" என்பாள். "ஆச்சும்மா" என்பேன். அவ்வளவுதான்.

சங்கராந்தி வந்தது. அந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட். நம் மொட்டைமாடியில் பையன்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மத்தியானம் ஃபேக்டரி கேட்டில் ஃபோனை எடுத்துப் பார்த்தபோது பாப்பாவிடமிருந்து ஒரு மிஸ்டு கால். உள்ளே ஃபோன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது தெரியுமே. கேட் பக்கத்தில் புறாக்கூண்டு மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும், அதில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். அந்த மிஸ்டு காலை ஷேர் ஆட்டோ வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு தடவை. கை தவறிப் பட்டிருக்கும் என்று தோன்றியது. அல்லது, நீங்கள் சொன்னது வந்து சேர்ந்தது, பதில் வேண்டாம் என்று இத்தனை நாள் கழித்து அவள் கையெழுத்துப் போடுகிறாள் என்றும் தோன்றியது. நான் திருப்பிக் கூப்பிடவில்லை. நம் வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வீடியோவில் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கழுத்தில் மஃப்ளரோடு வந்தாள். குரல் கரகரவென்று இருந்தது. சளி என்றாள். மாதங்கள் போயும் மஃப்ளர் போகவில்லை. ஒரு நாள் அம்மா கேட்டாள், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

"ஏட்டி, இன்னுமா அங்க குளிருது?"

"ஹவ் மா. இங்க அப்படித்தான்."

நானும் பார்த்தேன். நல்ல கம்பளி மஃப்ளர், நீல நிறம். நல்லா இருக்கே என்று மட்டும் நினைத்தேன்.

மே மாதம். உங்களுக்குத் தெரியும், இங்கே மே மாதத்தில் போர் வற்றிவிடும், டேங்கர் தண்ணீர்தான். எனக்கு மத்தியான ஷிப்ட். காலையில் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது. டிரம்மில் கால்வாசி. சங்கத்தின் பையைப் பார்த்தேன். புதிதாக எதுவும் இல்லை. அப்படியானால் வழக்கமான நேரத்துக்கு விடுவார்கள் என்று ரெண்டு பக்கெட்டைக் குழாயடியில் வைத்துவிட்டு எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். ஒன்பது ஆனது. எனக்குக் கோபம் வந்தது. ஒரு பக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டே மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.

சங்கத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது மூன்றாவது மாடி டீச்சரம்மா. ரிட்டயர் ஆனவர், ரொம்பக் கறாரானவர். தண்ணீர் நேரத்தை மாற்றினால் போட வேண்டாமா, என்னைப் போல ஷிப்டுக்குப் போகிறவன் எப்படித் தெரிந்துகொள்வான் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார். தண்ணீர் ஆறு மணிக்கே வந்து போய்விட்டதாம். ஒவ்வொரு நாளும் போடுகிறாராம். ஃபோனை எடுத்துக் காட்டினார். வரிசையாக அத்தனை அறிவிப்பு. நான் என் ஃபோனை எடுத்துக் காட்டினேன். ஒன்றுமில்லை.

அவர் என் ஃபோனை வாங்கிக் கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சைட் மார்ச்சாம் கதா சார், போயின நெலே."

பக்கத்தை மாற்றிவிட்டோமே, போன மாதமே. அவ்வளவுதான் அவர் சொன்னது. பழைய பக்கம் அப்படியே இருக்கிறதாம், அதில் யாரும் எழுதுவதில்லையாம். என் பை பழைய கதவில் தொங்குகிறது. கதவு இருக்கிறது, பை இருக்கிறது, பால்காரர் வேறு தெருவில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆப் என்னிடம் பொய் சொல்லவில்லை. அந்தக் கதவில் புதிதாக எதுவும் இல்லை என்றுதான் சொன்னது.

அவர் ஒரு பக்கெட் தண்ணீர் தருகிறேன் என்று உள்ளே கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். ரெண்டாவது மாடி வளைவில் பாப்பாவின் பை ஞாபகம் வந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்தேன்.

பாப்பாவின் பக்கத்தை நான் ஒருநாளும் நேராகத் திறந்ததில்லை. தேவைப்படவில்லை, எல்லாம் பையில் வந்து விழுந்துவிடுமே. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் பக்கத்தின் முகவரியைத் தொட்டுத் திறந்தேன். மேலே ஒரே ஒரு வரி இருந்தது. நான் வீடு மாறிவிட்டேன், இனி இங்கே பாருங்கள் என்று இங்கிலீஷில். கீழே புது முகவரி. அதைத் தொட்டேன்.

இருபத்தாறு இருந்தது.

படியிலேயே உட்கார்ந்து பழசிலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். மேலே போகிறவர்கள் வழி கேட்டார்கள், ஒதுங்கிக்கொண்டேன். முதலாவது, வீடு மாறியது பற்றி. எல்லா ஃபீடும் தானாகவே புது இடத்துக்குத் திரும்பிவிடும்படி செய்திருக்கிறேன், நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம் என்று எழுதியிருந்தாள். அதைத்தான் அவள் நம்பியிருந்தாள், என் பை மட்டும் திரும்பவில்லை. ரெண்டாவது, நான் எடுக்கச் சொன்னது பற்றி. அப்பா சொன்னதால் எடுத்தேன், அப்பாவுக்கு வலித்திருக்கிறது, இனிமேல் கவனமாக எழுதுவேன் என்று. கோபமே இல்லை. அதற்கப்புறம் பனி, பால், பஸ். டிசம்பரில் ஒன்று. கழுத்தில் ஒரு கட்டி, தைராய்டு, டாக்டர் எடுத்துவிடலாம் என்கிறார். அம்மாவிடம் சொன்னால் கைப்பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வருவாள், அண்ணியின் வேலை போகும். அதனால் சொல்லமாட்டேன்.

சங்கராந்தி வாரத்தில் ஒன்று. இதை ஒரே ஒருவர்தான் படிப்பார் என்று தொடங்கியிருந்தாள். வாக்கியங்கள் எல்லாம் இருப்பதிலேயே சின்னதாக இருந்தன. ஒரு வார்த்தைக்குக்கூட எனக்கு டைரி தேவைப்படவில்லை. வியாழக்கிழமை ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். அதுவரை ஃபோனைக் கையில் வைத்திருப்பேன். ஒரு ரிங் போதும்.

அந்த வியாழக்கிழமை அங்கே எட்டு என்றால் இங்கே பன்னிரண்டரை. அந்நேரம் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கேன்டீனில். பண்டிகை வாரம் என்று சர்க்கரைப் பொங்கல் போட்டிருந்தார்கள். ரெண்டாவது தடவையும் வாங்கினேன். ஃபோன் கேட்டில், பெட்டிக்குள்.

அந்த மிஸ்டு கால் அன்றைக்குத்தான்.

மிச்சத்தையும் படித்தேன். ஆபரேஷன் முடிந்து எழுதியது சின்னது. நர்ஸ் வந்து ஃபோனைக் கேட்டபோது இன்னும் ஒரு நிமிஷம் என்று ரெண்டு தடவை சொன்னாளாம். மூன்றாவது தடவை நர்ஸே மெதுவாக விரலைப் பிரித்து வாங்கிக்கொண்டாளாம். கடைசியாக இருந்தது மார்ச்சில் எழுதியது. யாரும் படிக்கவில்லை என்று தெரிகிறபோது எழுதுவது காலி வீட்டில் பேசுகிற மாதிரி இருக்கிறது, இத்தோடு போதும் என்று.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. நான் போகவில்லை. சூப்பர்வைசருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவளைக் கூப்பிட்டேன். ஒரு மணி அடித்ததும் பழக்கத்தில் வெட்டிவிட்டேன். வெட்டியபின்தான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. மறுபடி கூப்பிடுவதற்குள் அவளே வந்துவிட்டாள், வீடியோவில். லேப் கோட்டோடு, ஏதோ மாடிப்படிக்கு அடியில் நின்றிருந்தாள். மஃப்ளர் இருந்தது.

"அப்பா? ரிங் குடுத்தீயளா?"

"இப்பதாம்மா படிச்சேன்."

"எத?"

"எல்லாத்தையும்."

 நான் தண்ணீரையும் டீச்சரம்மாவையும் பழைய கதவையும் பற்றி முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க படிச்சிட்டுப் பேசாம இருக்கீயன்னு நெனச்சேன் பா. அந்த நாத்தம் பத்தி எழுதுனதுக்கு."

"நான் நீ எழுதவே இல்லன்னு நெனச்சேன்."

"ஒரு ஃபோன் பண்ணிருக்கலாம்ல?"

"நீ பண்ணுனல்ல. நான்தான் எடுக்கல."

அவள் சிரித்தாள், அழுகையும் வந்தது. நல்ல குடும்பம் பா நம்ம குடும்பம் என்றாள். நான் அந்த மஃப்ளரைக் கொஞ்சம் எடு என்றேன். எடுத்தாள். கழுத்தின் அடியில் ஒரு கோடு, மெல்லிசாக, பென்சிலால் இழுத்த மாதிரி. இதுக்கா இத்தனை நாள் மூடி வச்சிருந்த என்று கேட்கப் போனேன். வலிக்கா என்று மட்டும் கேட்டேன். இப்ப இல்ல பா என்றாள்.

மறுபடி எழுதுவாயா என்று கேட்டேன். அவள் உடனே சரி என்று சொல்வாள் என்றிருந்தேன்.

"தெரியல பா. அது நின்னு போச்சு. வந்தா எழுதுதேன்." கொஞ்சம் பொறுத்து, "இனிமே ரிங் நக்கோ. பேசுங்க," என்றாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

அம்மாவிடம் சொன்னதும் அவளேதான். அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். அம்மா எனக்கு ஃபோன் செய்து, நீங்க ரெண்டு பேரும் ஒரு குடும்பம், நான் வேற குடும்பமா என்று கேட்டாள்.  பத்து நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பத்து நாளும் ராசிபலனில் அவளுக்குப் பொறுமை தேவை என்றே போட்டிருந்தான்.

பாப்பா, உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. பெரியவனே, இதில் உனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். யாராவது சும்மா இருந்தால், சும்மா இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதே. போய்க் கதவைத் தட்டு. நான் தட்டவில்லை.

புது முகவரியில் அன்றைக்கே பை மாட்டிவிட்டேன். பழையதையும் எடுக்கவில்லை. பாப்பா, நீ எடுத்துவிட்ட அந்தக் கட்டுரை அதில்தான் இருக்கிறது. இப்போது உன் பெயர் ஆப்பில் ரெண்டு தடவை வருகிறது, ரெண்டும் மெல்லிய எழுத்தில்.

பாப்பாவோடு பேசியதற்கு அடுத்த வாரமும் மத்தியான ஷிப்ட்தான். திங்கட்கிழமை கேட்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். பெட்டி வரிசைக்கு முன்னால் யாரும் இல்லை. வெயிலில் இரும்புக் கதவு தொடமுடியாமல் சுட்டது. பாப்பாவைக் கூப்பிட்டேன். ஒரு மணி அடித்தது. கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது, இழுத்துக்கொண்டேன். ரெண்டு, மூன்று. அவள் லேபில் இருக்கும் நேரம், கையுறை போட்டிருப்பாள், எடுக்கமாட்டாள் என்று தெரியும். அதுவாக அடித்து ஓயும்வரை காதிலேயே வைத்திருந்தேன். பிறகு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.